குழிப் பலகைச் சீட்டில் இருந்த முத்திரை

அரசுப் பதிவேட்டின்படி, என் சித்தப்பா வலிதாத் பிறந்தவரே அல்லர். எங்கள் கர்லால் குலத்தின் வம்ச அட்டவணை தாசில்தார் கச்சேரியில் இருக்கிறது. அதில் அவருடைய தாத்தா மிர்பாஸின் பெயருக்குக் கீழே ‘பிள்ளையில்லை’ என்று எழுதப்பட்டுள்ளது. நில அளவைக்காரர்கள் மலையேறி வந்த கோடையில் மிர்பாஸ் உயிரோடு இல்லை; அவருடைய ஒரே மகன், சித்தப்பாவின் தந்தை ஷேர்தில், கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு காஷ்மீரம் போயிருந்தார். ஊரில் இருந்தவர்கள் சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார். எங்கள் குலத்தின் வரலாறு என்று ஏட்டில் இருப்பது, அன்று வீட்டில் இருந்தவர்கள் சொன்ன வரலாறுதான்.

எழுபது ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஷேர்தில் உழுதார், பிறகு என் தந்தையும் சித்தப்பாவும் உழுதனர். சாலை வந்து நிலத்துக்கு விலை ஏறியபின், 1974இல், ஊர்த்தலைவர் சமுந்தர் கான் வழக்குத் தொடுத்தார். மிர்பாஸின் கிளை அற்றுப்போனதால் வீடும் நான்கு படிக்கட்டு வயல்களும் பங்காளிகளாகிய தங்களுக்கே சேரும் என்பது அவர் வாதம்.

சித்தப்பா தம் தந்தையைப் போலவே கழுதைக்காரர். கையெழுத்துப் போடத் தெரியாது. துப்பாக்கி சுடத் தெரியும்.

நான் பள்ளிக்குப் போனவன் அல்லன். கச்சேரி எழுத்தை நானே பழகி, பழைய பதிவுகளுக்கு நகல் வாங்கினேன். நாற்பத்தொரு தாள்கள் சேர்ந்தன. ஒன்றுகூட ஷேர்தில் யாருடைய மகன் என்று சொல்லவில்லை.

ஒருநாள் சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: “தாத்தா செத்தப்ப பனி. பொணக்குழிய மூடப் பலகைக்கு மரம் வெட்டணும், காட்டிலாகா சீட்டு வேணும். ரெண்டு நாள் பொணத்த வச்சுக்கிட்டு அலைஞ்சேன்னு அப்பா சொல்வாரு.”

“அந்தச் சீட்டு எங்க சித்தப்பா?”

“கழுதைக்காரன் காகிதத்த எங்கடா வப்பான்? சேணத்துக்குள்ள.”

பழைய சேணத்தின் தோல் மடிப்பைப் பிரித்தேன். சீட்டு இருந்தது. ‘இறந்த மிர்பாஸின் மகன் ஷேர்தில் கேட்டதன்பேரில், குழிப் பலகைக்கு ஒரு மரம்.’ கீழே, விண்ணப்பதாரர் மகன்தான் எனச் சான்றளித்த அன்றைய ஊர்த்தலைவரின் முத்திரை. அவர் சமுந்தர் கானின் தாத்தா.

விசாரணை நாளில் சித்தப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். இடுப்பில் இரும்பு தட்டுப்பட்டது.

“இத வெளிய கொடுத்துட்டு வாங்க சித்தப்பா.”

“நான் பொறக்கலன்னு சர்க்காரே எழுதி வச்சிருக்கு. பொறக்காதவன் சுட்டா யார் மேல கேஸு போடுவான்?” என்றார். அவர் சிரிக்கவில்லை.

உள்ளே சமுந்தர் கான் தன் பங்காளிகள் ஆறு பேருடன் உட்கார்ந்திருந்தார். “வா கழுதைக்காரா. உங்க அப்பன எந்த மரத்துலேர்ந்து பறிச்சாங்கன்னு சொல்லு, கேப்போம்.” ஆறு பேரும் சிரித்தனர். சித்தப்பாவின் வலக்கை கம்பளிக்குள் போயிற்று.

தாசில்தார் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். “முத்திரை யாருதுன்னு நான் எப்படி நம்புறது? அடையாளம் சொல்ல ஆள் இருக்கா?”

இருந்தவர் ஒருவர்தான், எதிரே உட்கார்ந்திருந்தார். இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் வீடு போகும். அந்த நொடியிலேயே ஓர் உயிரும் போகும்.

“எதிர்த்தரப்புகிட்டயே கேளுங்க ஐயா,” என்றேன்.

சமுந்தர் கான் தாளைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். அதே முத்திரை குத்திய தாளைக் காட்டித்தான் அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தலைவர் பதவி வகிக்கிறது. அது பொய் என்றால் தாத்தா பொய்யர். கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் அதே தாத்தாவின் பேரர்கள். நான் தாசில்தாரைப் பார்க்கவில்லை, கம்பளியையே பார்த்திருந்தேன்.

ஒரு பங்காளி மெல்லச் சொன்னார்: “அண்ணே, பாத்து சொல்லுங்க. தாத்தா பேரு.”

சமுந்தர் கான் தாளை மேசையில் வைத்தார். “எங்க தாத்தாவோடதுதான். அவர் பொய்க்கு முத்திர குத்துற ஆளில்ல.”

தாசில்தார் எழுதத் தொடங்கினார். சித்தப்பா வலக்கையை வெறுமையாக வெளியே எடுத்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூலச்சீட்டைக் கேட்டார்கள். ஒப்புகைச் சீட்டு கையில் வாங்காமல் நான் கொடுக்கவில்லை.

படியில் இறங்கும்போது சமுந்தர் கான் திரும்பினார். “என்ன கழுதைக்காரா, பொறந்துட்ட போல?”

“ஆமா சர்தார்,” என்றார் சித்தப்பா. “உங்க தாத்தாதான் பிரசவம் பாத்தாரு.”

இம்முறை அவருடைய பங்காளிகளே சிரித்தனர். அட்டவணையின் ஓரத்தில் ஷேர்திலின் பெயரைச் சிவப்பு மையில் சேர்த்தார்கள். ‘பிள்ளையில்லை’ என்பதை மட்டும் அடிக்கவில்லை. அதற்கு நான் கொடுத்த மூன்றாவது மனு நிலுவையில் உள்ளது.