நாலு புள்ளி ஐந்து ஆறு கேட்டவர்

பின் ஆக்சில் வேலை என்பது, ஒருவர் கார் ஓட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் விதத்துக்கும் உண்மையில் ஓட்டும் விதத்துக்கும் நடுவில் ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பது. காரைக் கொஞ்சம் வேகமாக்கித் தரும் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு விளக்கம் போதும். பின் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்கு, என்ஜின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் கார் சிக்னலிலிருந்து துள்ளிக் கிளம்பும், நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். குறைந்தால் நேர்மாறு. இரண்டு சுகமும் சேர்ந்து கிடைக்காது. மேற்கு டெல்லியில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இதை ஒப்புக்கொண்ட வாடிக்கையாளரை இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் அனுப்பிவையுங்கள்.

எண்ணோடு வருபவர்கள்

செல்வின் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். நாகர்கோவில்காரர், மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். அவருடையது பன்னிரண்டு வருஷப் பழைய பெட்ரோல் கார், பின் சக்கரம் தள்ளுகிற வகை. டெல்லியில் பெட்ரோல் கார் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடக் கூடாது, அதற்கு இன்னும் மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு. சைலன்சரை மாற்றியாகிவிட்டது, ஸ்பிரிங்கை மாற்றியாகிவிட்டது. அடுத்தது ஆக்சில்.

வந்த அன்றே வீட்டு நிலைமையையும் சொன்னார். மனைவி ஜெனிதா நர்ஸ். மாதம் ஒருமுறை குழந்தையோடு ஆக்ராவில் இருக்கும் ஜெனிதாவின் அக்கா வீட்டுக்குப் போவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தப் பயணம் மோசமாகிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காரை விலைக்குக் கேட்டிருந்தார். ஈஸ்டருக்கு ஆக்ரா போய்வரும் வரை பார்ப்பது, அப்போதும் தலைவலி வந்தால் காரை டாக்டருக்குக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நாலு புள்ளி ஐந்து ஆறு போடச் சொன்னார். காரில் இருந்தது மூன்று புள்ளி ஒன்பது. இந்தக் காருக்கு நாலு புள்ளி ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்றேன். எதற்கு ஐந்து ஆறு என்றும் கேட்டேன்.

"மச்சான் வண்டியில நாலு புள்ளி மூணு கிடக்கு அண்ணே. நான் அதுக்குக் கீழ போட்டா ஊருல ஒரு கல்யாண வீட்டுல அவன் முன்னால எப்படி நிக்கது?"

ஒரு வாரத் தாள்

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணை முடிவு செய்வதற்கு முன் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுப்பேன். ஒரு வாரம், போகும் இடமெல்லாம் என்ன வேகத்தில் போனீர்கள் என்று எழுதிவர வேண்டும். எல்லோரும் பொய்தான் எழுதுவார்கள். அதனால் பக்கத்து சீட்டில் உட்காருபவருக்கு இன்னொரு தாள். அந்த இரண்டாவது தாள் அனேகமாகத் திரும்பி வராது. செல்வின் வீட்டிலிருந்து வந்தது, கொண்டுவந்தவர் ஜெனிதாவேதான்.

செல்வினின் தாளில் நூறு, நூற்றுப் பத்து, ஓரிடத்தில் நூற்று முப்பது. ஜெனிதாவின் தாள் வார்டில் எழுதும் சார்ட் போல நேரம் குறித்து இருந்தது. எட்டு பத்து: சிக்னல், நிற்கிறோம். எட்டு பதினாறு: அதே சிக்னல். எட்டு இருபத்தொன்று: முப்பது. ஞாயிறு சர்ச்சுக்குப் போகும்போது நாற்பது, திரும்பும்போது இருபது, முன்னால் கல்யாண ஊர்வலம். மேஜையில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன். செல்வின் பார்த்தார். நூற்று முப்பது போனபோது இவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் எழுதவில்லை என்றார்.

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்."

வெளியே தெரியாத சாமான்

தாள் என் பக்கம் பேசியது. ஆனால் கார் அவருடையது. நாலு புள்ளி ஐந்து ஆறுதான் என்று நின்றார், போட்டுக் கொடுத்தோம். பெரிய பல்சக்கரத்தில் நாற்பத்தொரு பல், சின்னதில் ஒன்பது. இந்த வேலையை என் கடையில் பல்பீர் செய்வார். பல்லில் மஞ்சள் பெயிண்டைத் தடவிச் சுற்றிப் பார்ப்பார். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். விழாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, காகிதக் கனத்தில் ஒரு தகடு வைத்து, மறுபடியும் பெயிண்ட். அன்றைக்கு நான்கு முறை கழற்றினார்.

செல்வின் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே நின்றார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் மாதிரி. கடைசி போல்ட்டை முடுக்கும்போது அவருக்கு ஒரு குறை தோன்றியது. இவ்வளவு செய்தும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாதே. ஆக்சில் மேல் வெள்ளை பெயிண்டில் அந்த எண்ணை எழுதிவிட முடியுமா என்று கேட்டார். பல்பீர் கையைத் துடைத்துக்கொண்டே ஹிந்தியில் பதில் சொன்னார்.

"அச்சா, எழுதிடலாம் ஜி. படிக்க ஆசைப்படுறவன் ரோட்டுல மல்லாந்து படுக்கணும், அவ்வளவுதான்."

முள்

நாங்கள் ஆக்சிலில் செய்தது ஸ்பீடோமீட்டருக்குத் தெரியாது. அது கியர்பாக்ஸ் பக்கத்துத் தண்டை எண்ணிக்கொண்டிருக்கும். தண்டு முன்பைவிட அதிகம் சுற்றுவதால், கார் நூறில் போனால் முள் நூற்றுப் பதினேழு காட்டும். இதைச் சரிசெய்ய விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உண்டு. கைவசம் இல்லை, வரவழைக்கிறேன், அதுவரை முள்ளை நம்ப வேண்டாம் என்று செல்வினிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். முன்பு நூறில் போன இடத்தில் இப்போது நூற்றுப் பதினேழில் போகிறதாம், ஆக்சிலரேட்டரை மிதிக்கவே வேண்டாமாம். அது நூறுதான், முள்தான் பொய் சொல்கிறது என்றேன். அந்தச் சின்னப் பல்சக்கரம் வந்துவிட்டது, அரை மணி நேர வேலை, வாருங்கள் என்றும் சொன்னேன். அவர் அவசரமாகத் தடுத்தார்.

"அண்ணே, அது அங்கேயே கிடக்கட்டும். முள்ளு சந்தோஷமாட்டு ஓடுது, அதை எதுக்கு நோண்டணும்?"

யூனிஃபார்மில் வந்தவர்

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆக்ரா போய்வந்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து ஜெனிதா தனியாக வந்தார். டூட்டி முடிந்து மெட்ரோவில் நேராக வந்திருந்தார், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நூறில் போகும்போது என்ஜின் முன்பைவிட நிமிஷத்துக்கு ஐநூறு சுற்று அதிகம் சுற்றும். அந்தச் சைலன்சரோடு சேர்த்து அதை நான்கு மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். குழந்தை காதைப் பொத்திக்கொண்டே வந்ததாம். தெருமுனையில் திரும்பும்போதே டிராக்டர் வருகிறது என்று அக்கா நினைத்தாராம்.

டாக்டர் மறுபடியும் கேட்டுவிட்டார் என்றார். எண்ணைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். நாலு புள்ளி ஒன்று என்னிடம் இருக்கிறது, ஒருநாள் வேலை, ஆனால் அவர் சம்மதிக்க வேண்டும் என்றேன். இந்தக் காரை விற்றால் அவர் ஒரு மாசம் சரியாகச் சாப்பிட மாட்டார் என்பதும் ஜெனிதாவுக்குத் தெரிந்திருந்தது. சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு அந்த வண்டி மேல கோவம் ஒண்ணும் இல்ல அண்ணா. வார்டுல எட்டு மணி நேரம் மெஷின் கத்துறதைக் கேக்கேன், லீவு நாளும் ஒரு மெஷின் கத்துறதைக் கேக்கணுமா?"

இரண்டு அங்குலம்

நான் செல்வினைக் கூப்பிட்டுப் பேசினேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார், யாரோ இறந்த செய்தியைக் கேட்டவர் போல. சொன்ன நாளில் வந்தார். பின்னால் இரண்டு புது டயர். பழையது இருபத்து நான்கு அங்குல உயரம், இது இருபத்தாறு. போகப்போகிற வண்டிதானே, கடைசி ஆசையாக இருக்கட்டும் என்று முந்தின வாரம் மாட்டினாராம். ஃபிளைஓவர் ஏறி இறங்கும்போதெல்லாம் மட்கார்டில் உரசியது. பல்பீர் விளிம்பைச் சுத்தியலால் மடக்கிவிட்டார். செல்வின் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு குறை. டயர் மாட்டியதிலிருந்து சிக்னலில் பழைய துள்ளல் இல்லை, டயர் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்.

நான் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டேன். டயர் உயர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் அதிக தூரம் போகும், ஆக்சில் எண்ணைக் குறைத்ததற்குச் சமம். நாலு புள்ளி ஐந்து ஆறு இப்போது நாலு புள்ளி இரண்டு போல நடந்துகொண்டிருந்தது. நான் சொன்ன எண்ணுக்கு அடுத்த வீடு. ஜாக்கியைத் தள்ளி வைத்தேன். இன்றைக்கு எதையும் கழற்ற வேண்டாம், இப்படியே ஆக்ரா போய்வாருங்கள், பிறகு பேசுவோம் என்று செல்வினிடம் சொன்னேன். அவர் சந்தேகத்தோடு கிளம்பினார். பல்பீர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"நம்ம பேச்சை அவர் கேட்டுட்டார் ஜி. அவருக்குத்தான் அது தெரியாது."

ஈஸ்டருக்குப் பிறகு

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஜெனிதா காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிச் சொன்னார். பல்வல் தாண்டியதும் குழந்தை தூங்கிவிட்டதாம், ஆக்ராவில்தான் எழுந்ததாம். அவரும் கொஞ்சம் தூங்கியிருக்கிறார். இந்த முறை நிஜமாகவே. டாக்டரிடம் வேறு கார் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

செல்வின் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு ஏன் எதையும் கழற்றவில்லை என்று கேட்டார். துண்டுத் தாளைக் காட்டினேன். எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போல அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். உள்ளே இருப்பது ஐந்து ஆறுதான், ஓடுவது நாலு புள்ளி இரண்டு, இல்லையா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். அது ஜெனிதாவின் காதில் விழுந்துவிட்டது.

"வண்டி நம்ம வீட்டுலதான நிக்குது? ஏறுங்க, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

சரியான எண் என்பது பெரும்பாலும் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டபின் மிஞ்சுவதுதான். இடையில் ஆக்சிலைத் திறந்து மூடியதை நான் தொழில் என்று சொல்லிக்கொள்கிறேன்.