கோவாச் சாடி

துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் இருந்த என் சாப்பாட்டுக் கடைக்கு, கப்பல் இறக்கிவிட்டுப்போன கொரியாக்காரர் ஒருவர் தினமும் வருவார். நகமெல்லாம் கப்பல் கரி. கோவா என்கிற முட்டைக்கோசில் உப்பும் மிளகாய்த்தூளும் பிசைந்து என் அடுப்படிச் சாடியொன்றில் போட்டு வைத்திருந்தார். வந்ததும் திறந்து மணந்து பார்ப்பார். "இன்னும் இல்லை" என்று மூடிவிடுவார்.

எங்களை ஆண்ட வெள்ளைக்காரருக்கு யப்பானோடு யுத்தம் மூண்டது. கொரியா யப்பானின் பிடியில் இருந்ததால் அவரையும் பொலிஸ் பிடித்தது. அவர் கெஞ்சியதால், சாப்பிட மட்டும் கடைக்குக் கூட்டிவந்தார்கள்.

"முதலாளி, கோவா!"

"புளிச்சு மணத்தது. கெட்டுப்போச்செண்டு நேற்றுத்தான் கொட்டினனான்."

"கெடேல்லை," என்றார், என் கடையில் பொறுக்கிய தமிழில். "அதுதான் எங்கட வீட்டுச் சாப்பாடு."

நான் வைத்த கறியைத் தொடவில்லை. வாய்க்கு வாய் வெறுஞ்சாடியைத் தூக்கி மணந்தபடி சோறு முழுவதையும் தின்றார்.

சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய சாடி அது. அவருக்கு என்ன மணந்ததோ.