தெருப்பலகையில் நான் எழுதிய வரிகள்

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் வாரம் ஒருமுறைதான் வரும். வெளியூர் போகிறவர்கள் தங்கள் பங்கை மற்றவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று தெருமுனைக் கரும்பலகையில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம்.

போன மாதம் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது நானும் எழுதினேன்: ‘விளாத்திகுளம் போகிறோம். ஞாயிறுதான் வருவோம். கேட்டைப் பூட்டவில்லை. எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.’ அடியில் வீட்டு எண்ணையும் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு ராணி போன் செய்தாள்.

“அக்கா, தண்ணி பிடிக்க வந்தேன். ஒங்க வாசக்கதவைக் கழத்திக்கிட்டு ரெண்டு பேரு நிக்காவ. வேலைக்கு ஆள் சொல்லியிருந்தியளா? கேட்டா, ‘அக்கா விளாத்திகுளம் போயிருக்காவ, ஞாயித்துக்கிழமதான் வருவாவ, அதுக்குள்ள முடிக்கச் சொன்னாவ’ன்னு சொல்லுதாவ.”

இலையை விட்டு எழுந்தேன். அவர்கள் சொன்னது நான் எழுதிய வரி.

“ஏட்டி, நான் யாரையும் வரச் சொல்லல. நீ அங்கன நிக்காத. வெளிய போய் ஆளுகளக் கூப்பிடு.”

தெரு திரள்வதற்குள் அவர்கள் பின்சுவர் ஏறி ஓடிவிட்டார்கள். ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டிலும் எதுவும் போகவில்லை. ஆனாலும் ஊர் திரும்பி, ஒற்றைக் கீலில் தொங்கிய கதவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் எங்கள் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறேன். ராணியிடம் மட்டும் நேரில் சொல்லிவிட்டுப் போகிறேன். பலகையில் இருந்ததைத் திரும்பிவந்த அன்றே ஈரத்துணியால் துடைத்தேன். எதிர்ச்சாரியில் நின்றாலும் வாசிக்கும்படி அத்தனை பெரிதாக எழுதியிருந்தேன்.