துண்டுக்கடியில் ஒரு அமெரிக்கக் கார்

பஸ்ஸை விட்டு இறங்கி அம்மா வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதே பெயிண்ட் வாசனை அடித்தது. யாரோ இரும்பு கேட்டுக்கு அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தவள், இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் கார் சிவப்பாக இருந்தது. லாரி கேபினுக்கு அடிப்பார்களே, அந்தச் சிவப்பு. பக்கவாட்டில் மஞ்சள் கோடு வேறு.

அது அமெரிக்காவில் செய்த கார். என்னைவிட இருபது வருடம் மூத்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின். கல்குவாரி வைத்திருந்த ஒருவர் ஆசைக்கு பெங்களூரில் வாங்கி வந்தார். குவாரியை மூடிவிட்டு ஊரை விட்டுக் கிளம்பும்போது, தன் லாரிகளுக்கெல்லாம் வேலை பார்த்த மெக்கானிக்கான என் அப்பாவுக்கு அதை விற்றுவிட்டுப் போனார். மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரி போய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் முள் படுத்துவிடும். அதனால் ஆயுத பூஜைக்கும் கல்யாணங்களுக்கும்தான் வெளியே வரும். அப்பா போன வருடம் இறந்துவிட்டார். அம்மாவுக்கு மிஞ்சியது வீடும் இந்த வண்டியும்.

அப்பா போனபிறகு அம்மாவின் வரவு செலவெல்லாம் பெரியப்பா கையில். ஒரு பைசா எடுத்துக்கொள்ளாத மனிதர்தான். ஆனால் கேஸ் தீர்ந்தாலும், மாத்திரை தீர்ந்தாலும், என் மகளுக்கு ஒரு கவுன் வாங்க வேண்டுமென்றாலும் அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். என்ன வேணும் என்று அவராகக் கேட்டால்தான் வாயைத் திறப்பாள். இந்தக் கார் நல்ல விலைக்குப் போய், பணம் அம்மா பெயரில் இருந்தால் அப்படி நிற்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விலை கண்டுபிடிப்பது லேசாக இல்லை. மதியம் குழந்தை தூங்கும் நேரமெல்லாம் இதே வேலை. இணையத்தில் போடுகிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு என்று புரியவே வெகுநாளானது. விற்றவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். சிலர் சொன்னார்கள், சிலர் வீட்டில் ஆண்கள் இல்லையா என்று கேட்டார்கள். வண்டி பளபளவென்று இருக்கிறதா என்பதை வாங்குகிறவர்கள் பார்ப்பதில்லை. கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறதா, எஞ்சின் வண்டியோடு பிறந்ததா, தரைத் தகடு துருப்பிடித்திருக்கிறதா, காகிதங்கள் சரியா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அப்பாவின் வண்டியில் அந்தப் பழைய கரும்பச்சை வெளிறி, வெடித்து, ஆனால் முழுதாக இருந்தது. எல்லாம் கூட்டிக் கழித்து இருபத்தைந்து லட்சம் என்று வைத்தேன். வைத்த மறுநிமிடம் கூடுதலோ என்று தோன்றியது. அடுத்த நிமிடம் குறைவோ என்று.

பெங்களூரிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னதும் பெரியப்பாவுக்குப் போன் செய்து, வண்டியைத் தொட வேண்டாம், கழுவக்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

பெரியப்பாவுக்கு மாட்டு வியாபாரம். பெயிண்ட் கறை படிந்த கையோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

“விக்கப்போற மாட்டை கொம்புக்கு வர்ணம் அடிக்காம சந்தைக்கு ஓட்டுவாங்களா கண்ணு?”

“வேணாம்னு சொன்னேனே பெரியப்பா.”

“நீ செலவுக்குக் கூச்சப்பட்டுச் சொல்றன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் எஞ் செலவு. உங்கம்மாகிட்ட ஒத்த ரூவா வாங்கல.”

கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். உள்ளே போய்க் குழந்தையின் காலைக் கழுவினேன். எவ்வளவு அழுத்தித் தேய்த்திருப்பேனோ, அது அழ ஆரம்பித்துவிட்டது.

பெங்களூர்க்காரர் ஓசூர்ப் பக்கத்துத் தரகர் ஒருவரோடு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கதவோரத்தில் நகத்தால் சுரண்டினார். தரகர் பெரியப்பாவிடம் என்ன தொழில் என்று விசாரித்தார். மாடு என்றதும் அவருடைய தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள், சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஷெட்டில் சுற்றி நின்றது யார்? அம்மாவும் நானும். வண்டிக்குச் சொந்தக்காரிக்கும் அவள் மகளுக்கும் தெரியக்கூடாத விலை. தோள்கள் அசைவதும் பெரியப்பா தலையாட்டிச் சிரிப்பதும் மட்டும் தெரிந்தது. எவ்வளவு என்று கேட்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டச் சொன்னார். மறுபடி கேட்டேன். படித்த பெண், கணக்குக் கேட்கிறாள் என்று தரகர் கேலி செய்தார். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எவ்ளோன்னு சொன்னாத்தான் நான் இங்கிருந்து நகருவேன்.”

பெரியப்பா குரலைத் தாழ்த்தினாலும் பெருமையை மறைக்க முடியவில்லை. “பன்னெண்டு லட்சம் கண்ணு. நிக்கிற வண்டிக்கு. உங்கப்பன் கனவுலயாச்சும் கண்டிருப்பானா?”

எங்கள் குடும்பத்தில் யாரும் மொத்தமாகப் பார்க்காத பணம். என் கணக்குத் தப்பாக இருந்து, இந்த ஆளும் எழுந்து போய்விட்டால்? பிறகு யார் வருவார்கள்? சரி என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

அப்போது பெங்களூர்க்காரர் சற்றுத் தள்ளி நின்று கன்னடத்தில் போன் பேசுவது காதில் விழுந்தது. இந்தப் பக்கத்தில் கன்னடம் புரியாதவர்கள் குறைவு. இன்றைக்கே லாரியை அனுப்பு, நாளை வரை விடவேண்டாம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா வந்து பார்க்கிறவருக்கு அத்தனை அவசரம் எதற்கு?

குழந்தையை அம்மாவிடம் கொடுத்தேன். துண்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு கைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. பெரியப்பா வேட்டி அவிழ்ந்தவர்போல் பதறினார். கை பிடித்துப் பேசியதை முறிப்பது மரியாதையில்லை என்று தரகர் முறைத்தார். நான் அவரை விட்டுவிட்டு பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டு டிக்கியைத் திறந்து காட்டினேன். உள்ளே கரும்பச்சை. கால் வைக்கும் ரப்பர் பாயைத் தூக்கினேன். துரு இல்லை. எஞ்சின் நம்பரையும் காகிதத்தையும் ஒத்துப்பார்க்கச் சொன்னேன். சிவப்பு மேலே மட்டும்தான், என் விலையான இருபத்தைந்து லட்சத்தில் அதனால் குறைகிற மதிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் கழிக்க முடியாது என்றேன். குரல் நடுங்கியது. கோபத்தில் என்று அவர் நினைத்திருப்பார். பாதி பயம்.

இருபத்திரண்டில் முடிந்தது. இந்தப் பெயிண்ட் அடிக்காமல் இருந்திருந்தால் நீங்கள் கேட்டதையே கொடுத்திருப்பேன் என்று அவர் சொன்னார். வியாபாரிகள் எதையும் சொல்வார்கள். ஆனால் பெரியப்பா அதைக் கேட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தார்.

முன்பணம் ஐந்து லட்சத்தை அம்மாவின் கணக்குக்குப் போனிலேயே அனுப்புவதாகவும், மீதியை வண்டி ஏற்றுமுன் வங்கி வழியாகப் போடுவதாகவும் பேச்சு. அவர் அனுப்பியதும் தொட்டிப் பக்கமிருந்து டிங் என்று கேட்டது. பெரியப்பாவின் சட்டைப் பை. கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் தன் நம்பரையே கொடுத்திருக்கிறார். இத்தனை நாளாக அம்மாவின் கணக்கில் எது வந்தாலும் போனாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது, அவளுக்கு இல்லை. போனைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து வாசித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், “வந்துடுச்சும்மா” என்றார்.

பெரியப்பா போனதும், நாளைக்கு பேங்குக்குப் போய் நம்பரை மாற்றிவிடலாம் என்றேன்.

“அதுக்கு இப்ப என்னடி அவசரம்? அவரு ஏற்கெனவே நொந்துபோய்க் கெடக்கறாரு.”

“நோகட்டும்மா.”

மறுநாள் பாலக்கோடு பஸ்ஸில் அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வங்கியில் அவளுடைய நம்பரை நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு, இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது என்று கேட்டாள்.

நான் சொல்கிறேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலும், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.