தலை சுற்றாத ஆண்பிள்ளைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மயிலாப்பூர் கிரிக்கெட் குழுவில் ஆண்பிள்ளை வாயில் வரக் கூடாத சொற்கள் இரண்டுதான்: தலைசுற்றல், வாந்தி. கெட்ட வார்த்தைகளுக்குத் தடையே இல்லை.

ஒரு ஞாயிறு எங்கள் விக்கெட் கீப்பர் தலையில் பந்து பட்டு, "தல சுத்துதுடா, கொமட்டுது" என்று உட்கார்ந்துவிட்டான். "எத்தனை மாசம்?" என்று கேட்டது நான்தான். மைதானமே சிரித்தது. அடுத்த வாரம் அவனுக்கு மாங்காய் வாங்கிப் போனதும் நான்தான். நகைச்சுவைத் துறையில் என் அரங்கேற்றம் அது.

ஒரு மாதம் கழித்து, அடையாற்றங்கரை மைதானத்தில் மட்டையாளனின் மூக்கருகே பீல்டிங் நின்றேன். கார்க் பந்து காதுக்கு மேலே வந்து இறங்கியது. முகத்தில் சோடா அடித்தார்கள்.

"ஒண்ணுமில்லையேடா?" என்றான் கேப்டன். அது கேள்வியல்ல.

"ஒண்ணுமில்ல" என்றேன். என் கண்ணுக்கு இரண்டு கேப்டன்கள் திருப்தியாகத் தலையசைத்தார்கள்.

இடைவேளையில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பேடைக் கட்டினேன், அவிழ்த்தேன், கால் மாற்றிக் கட்டினேன். ஸ்கோர் புத்தகத்தில் எண்கள் எறும்பாக ஊர்ந்தன. மரத்தடிக்கு ஓடி வாந்தி எடுத்து நிமிர்ந்தால், எதிரே கீப்பர்.

பழிவாங்க இதைவிட லட்டு மாதிரி பந்து கிடைக்காது. அவன் சிரிக்கவில்லை.

"இன்னா நைனா இது? நீ ஆடாத. எனுக்கு நாலு நாள் இப்டித்தான் இருந்துச்சு. வெளிய சொல்லல, அவ்ளோதான்."

"வெயில்டா. வாயை மூடு."

அவன் நேரே கேப்டனிடம் போய்ச் சொன்னான். "பொய்! காலைல தின்ன வடை ஒத்துக்கல" என்று நான் கத்தினேன். எல்லோரும் என்னையே நம்பினார்கள். தொடக்க ஆட்டக்காரன் வேறு யாரும் இல்லாதபோது நம்பிக்கை சுலபமாக வரும்.

பந்து இரண்டாக வந்தது. நான் ஆடியது இல்லாத பந்தை. இருந்த பந்து ஸ்டம்பைப் பெயர்த்தது. அது கொஞ்சம் எழும்பி வந்திருந்தால் என்று நினைக்கும்போது, இன்றும் நாற்காலியைவிட்டு எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.

கீப்பர்தான் சைக்கிளில் ஏற்றி வந்தான். "தூங்காத மச்சி, பேசிக்கினே வா" என்று வழியெல்லாம் நச்சரித்தான். வீட்டு வாசலில் அம்மாவிடம், "வெயில்..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லம்மா, தலைல பந்து பட்டுச்சு. வாந்தி வேற எட்த்தான். டாக்டராண்ட இட்டுக்கினு போங்க."

டாக்டர் மூன்று வாரம் மட்டையைத் தொடக் கூடாதென்றார். கீப்பரோடு நான் ஐந்து வாரம் பேசவில்லை. அவன் தினமும் சாயங்காலம் வந்து, அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனான்.