பத்துச் சட்டை

"லாபம், ரெண்டு, மூணு, நாலு…" சோற்றுக் கரண்டியின் காம்பு ஒவ்வொரு முதுகிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்கிறது. ஐந்தாவது பயல் நெளிகிறான். அவனுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. பத்து வந்ததும் தெய்வானையம்மாள் நிமிர்ந்து பானையின் மூடியைத் திறக்கிறார். எண்ணி முடிக்காமல் அந்த வீட்டில் சோறு விழாது.

பெற்ற பிள்ளைகளை இப்படி எண்ணலாமா என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "பிள்ளைய யாராச்சும் எண்ணுவாங்களா வாத்தியாரே? கண்ணு பட்டுடாது? நான் சட்டையத்தான் எண்ணுறேன்," என்றார். நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்களே, அந்த வழக்கம்தான். அதற்குமேல் என்ன கேட்பது? தமிழ்ப் பள்ளியில் நாற்பது பேருக்குக் கணக்குச் சொல்லித் தரும் நான், எதிர்வீட்டில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

எங்கள் கிராமமான காஜா பெராங் கம்பத்தில் அவருக்கு முன்னால் எழுந்திருக்கும் சேவல் இன்னும் பிறக்கவில்லை. கிணற்றடி, ஆடு, கோழி, கீரைப்பாத்தி, பிறகு பத்து மங்குக் குவளையிலும் தேத்தண்ணி. கணவர் சுப்பையன் நகராட்சிக் குழாய் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாளுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். "கொஞ்சம் உட்காருங்களேன்," என்றால், "உக்காந்தா எந்திரிக்கணுமே," என்பார். ஆட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரே அதட்டல்; கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடிவரும். சைக்கிளில் வரும் மீன்காரரிடம் செவுளைப் பிரித்துப் பார்த்து, நேற்றைய மீன் என்று மலாயில் கால்மணி நேரம் வாதாடுவார். பிறகு அதே மீனை வாங்கிக்கொண்டு, வெயிலில் வந்த மனுஷனாச்சே என்று அவருக்கும் ஒரு மங்கு தேத்தண்ணி கொடுப்பார்.

துணி வருஷத்துக்கு ஒரு கட்டு. பையன்களுக்குச் சட்டை, சிறுமிகளுக்குக் கவுன், பத்தொன்பது வயது மூத்தவள் தனலட்சுமிக்கு ரவிக்கை, மிச்சத்தில் ஜன்னல் திரை. போன வருஷம் மஞ்சளில் சிவப்புக் கட்டம். "கூட்டத்துல ஒண்ணு தப்பிப் போனாலும் பளிச்சுனு தெரியும்ல," என்பது அம்மாளின் வாதம். பாவம் தனலட்சுமி, திரைக்குப் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுவாள்.

தையல் மெஷின் சந்தின் கோடியில் இருக்கும் சந்திரமதியுடையது. அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட செட்டி சமூகத்துப் பெண். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தெய்வானையம்மாள் தமிழில் கேட்பார், அவர் மலாயில் பதில் சொல்வார்; சண்டைகூட அப்படியே நடந்து முடியும். மெஷின் கொடுத்த நன்றிக்கு, கடைக்குட்டி கமலவேணியோடு ஒத்த அவருடைய நாலு வயது மகள் மல்லிகாவுக்கும் அதே துணியில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார் தெய்வானையம்மாள். அங்கேதான் வந்தது வினை.

மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் காலையில் இரண்டு குடும்பமும், ஒட்டிக்கொண்டு நானும், பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். கொடியும் பேண்டும் ஜனமும் பார்த்து அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "இம்புட்டுப் பேருக்கும் யாரு சோறாக்குவா?" என்று என்னைக் கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே தள்ளுமுள்ளு. கைக்குக் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறிவிட்டோம்; சந்திரமதி கீழேயே நின்றுவிட்டார். பஸ் நகர்ந்ததும் லாபத்தில் தொடங்கி முதுகு முதுகாக எண்ணினார் அம்மாள். சரியாகப் பத்து. கண்டக்டரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, தனலட்சுமியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டி கமலவேணியைப் பாயில் கிடத்தி, கவுனைக் கழற்றப் புரட்டினார் அம்மாள். அது கமலவேணி இல்லை. மல்லிகா.

"சட்டை பத்தும் இருக்கு வாத்தியாரே. என் பிள்ளையக் காணோமே."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"சந்திரமதிகிட்டதான் இருக்கும், பதறாத," என்றார் சுப்பையன்.

"இருக்கிறத நீங்க பார்த்தீங்களா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திடலுக்குப் பறந்தார். அம்மாள் மல்லிகாவைத் தூக்கி வலது இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். பின்னாலேயே நானும், ஒன்பது பிள்ளைகளும். "கண்ணு படக் கூடாதுன்னு துணிய எண்ணினேன். மூஞ்சியப் பார்க்கலியே, பாவி," என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் பஸ் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கிய பிறகும் அம்மாள் படியைவிட்டு நகரவில்லை. உள்ளே எட்டி ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தார். கண்டக்டர் மெதுவாக, "இல்லைம்மா," என்றார். பஸ் போன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாவது பஸ் நிற்பதற்குள் சந்திரமதி படியில் நின்றார். முகம் அழுது வீங்கியிருந்தது. இடுப்பில் கமலவேணி, ஐஸ் சர்பத் குடித்துச் சிவந்த வாயோடு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மகளைக் காணாமல் திடல் முழுக்கத் தேடியிருக்கிறார். தேடிய நேரமெல்லாம் கமலவேணியைக் கீழே விடவில்லை. வழியிலேயே பஸ்ஸில் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய சுப்பையன், மூச்சு வாங்கப் பின்னால் வந்து சேர்ந்தார்.

"அக்கா," என்றார் சந்திரமதி. மீதியெல்லாம் மலாயும் அழுகையும்.

தெய்வானையம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சந்திரமதி மகளின் காலைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"இரு, நல்லாத் தூங்குறா. எழுப்பாத. வீடு வரைக்கும் நானே தூக்கிட்டு வர்றேன்," என்றார் அம்மாள். மல்லிகாவை மெல்ல இடது இடுப்புக்கு மாற்றி, முந்தானையால் தலையை மூடினார். பிறகு வலது பக்கம் சற்றுச் சாய்ந்து, கமலவேணிக்குக் கையை நீட்டினார்.