உள்பக்கம் திறந்த ஜன்னல்

கிரேஸ் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, அந்த ஜன்னல் டீச்சர் தவறிட்டாவளாம்" என்றாள் தபால் பிரிவு செல்வி. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன். வேறென்ன செய்ய?

பாளையங்கோட்டையில் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் கணக்குச் சொல்லித் தந்தவர். வகுத்தல் தப்பினால் காதைத் திருகுவார் என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். எனக்கு அவர் டீச்சர் இல்லை, மனுதாரர். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிவில் படம் வரைகிறவன் நான். அவர் குடியிருந்த மிஷன் காலத்து வீடு எங்கள் பட்டியலில் இருந்தது. அதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எங்களைக் கேட்க வேண்டும். இப்படித்தான் பழகினோம். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொல்ல முடியும்.

முதல் சந்திப்பே சண்டை. மேற்கு அறை ஜன்னல் உளுத்துப்போய் சாரல் உள்ளே அடித்தது. அங்கே அவருடைய அக்கா ரூபி அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார், பேச்சும் போய்விட்டது. டீச்சர் யாரையும் கேட்காமல் அலுமினிய ஜன்னல் வைத்துவிட்டார். நான் நோட்டீஸ் கொடுத்தேன். "மழை என்ன உங்க பட்டியலப் பாத்துட்டா பெய்யுது தம்பி?" என்று கேட்டார். ஆனால் மறுநாளே அலுமினியத்தைக் கழற்றிவிட்டு, உளுத்த கதவுகளையே மாட்டி, வெளியே தார்ப்பாய் அடித்துவிட்டார். "சட்டம்னா சட்டம்தான். பிள்ளையளுக்கு அப்படித்தான சொல்லிக்குடுத்தேன்" என்றார். அதன்பிறகு அனுமதி இல்லாமல் அந்த வீட்டில் ஒரு திருகாணியைக்கூட அவர் தொடவில்லை.

நான் அளவெடுக்கப் போனது ஐப்பசி மழையில். ரூபி அம்மாவின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் காலையில் அந்த ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவார்களாம்; அவரும் இடது கையைத் தூக்குவாராம். தார்ப்பாய் அடித்ததிலிருந்து அதுவும் நின்றுபோயிற்று. "அந்தக் கையத் தூக்குறதுக்காவத்தான் அவ ரெண்டு வாய் சாப்பிடுதா. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க தம்பி" என்றார் டீச்சர். கதவுகள் ஈரத்தில் உப்பித் திறக்க மறுத்தன. எந்தப் பக்கம் திறப்பவை என்று வெளியே போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். நனைய வேண்டுமே என்று போகவில்லை. கை போன போக்கில், உள்பக்கம் திறப்பதாக வரைந்துவிட்டேன்.

படத்தில் முத்திரை விழுந்துவிட்டால் எங்களுக்கு அதுதான் ஜன்னல். சுவரில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? பழைய கதவைக் கழற்றிய ஆசாரி எனக்குப் போன் செய்தார்: "அண்ணாச்சி, பழசு வெளிய தெறக்குது. நீங்க உள்ள தெறக்குத மாதிரி போட்டிருக்கியளே?" பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த நேரம் அது. "படத்துல உள்ளபடி செய்யும் வே" என்று போனை வைத்துவிட்டேன்.

ஆசாரி தேக்கில் அருமையாகவே செய்திருந்தார். திறந்தால் கட்டிலில் இடித்தது. கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். அங்கே படுத்தால் துண்டு வானம் தெரியும், தெரு தெரியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் பொருத்துவது ஒரு நாள் வேலை. படத்தில் பிழை என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வாரமே அனுமதி கிடைத்திருக்கும். பாவி, எழுதவில்லை. "மாத்தணும்னு புதுசா ஒரு மனு குடுங்க டீச்சர்" என்றேன். கொடுத்தார். கோப்பு மேசை மேசையாக எட்டு மாதம் நகர்ந்தது. டீச்சர் கைப்பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "பைய ஆகட்டும் தம்பி, நீங்க வேலையப் பாருங்க" என்பார். எனக்குத்தான் தலை நிமிராது.

ரூபி அம்மா அந்தப் பிள்ளைகளை மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் டீச்சர் மனுவைத் திரும்பப் பெற வந்தார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆசாரி அன்னைக்கே சொல்லிட்டாரு தம்பி. உங்க வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதேன்னுதான் நான் மேல சொல்லல. நீங்களே சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்போதும் நான் மனுவை வாங்கிக் கோப்பில் வைத்துக் கட்டினேன், அவ்வளவுதான். பதவி உயர்வு வந்தது. நாற்காலி மாறியது. அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டேன்.

டீச்சரின் அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றேன். மறுநாள் அலுவலகம் போய் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: மேற்கு அறை ஜன்னலின் படம் தவறு. வரைந்தவன் நான். தெரிந்தே மறைத்தவனும் நான். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

நேற்று அது என் மேசைக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: குடியிருப்பவரின் கையொப்பம் பெற்று அனுப்பவும்.

உங்களிடம் அவர் சொல்லித் தந்த கணக்கு இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தத் தாள்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். யாரிடம் போய்க் கையெழுத்து வாங்க?